கருவி அறையைக் கட்டிய கை

கார்வின் ஷெல்ட்ரேக்கைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது. சரி, இதைச் சொல்லலாம்: ராக்கெட்டின் வால் இறக்கையை அவனைப்போல் இம்மி பிசகாமல் நேராக ஒட்டுகிறவன் எங்கள் சங்கத்தில் வேறு யாருமில்லை. ஒட்டிவிட்டு அதைப் பற்றி ஒரு வருஷம் பேசுவான் என்பது வேறு விஷயம்.

என் பெயர் மேவிஸ். சொந்தமாக ராக்கெட் கட்டி ஏவிப் பார்க்க மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் வறண்ட ஏரியில் கூடுவோம். ஏவுமேசையில் மைக் பிடிப்பது நான். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுவது, தலையை நிமிர்த்தி வானத்தைப் பார் என்று பிள்ளைகளை அதட்டுவது, கழிப்பறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்த பாவியை ஊரறியத் திட்டுவது எல்லாம் என் பொறுப்பு. இருபது வருஷமாக இந்த உப்பு மண்ணில் நின்று கத்தியதில் தொண்டையும் தடித்துவிட்டது, மனசும் தடித்துவிட்டது.

மூன்றாம் நிலைத் தேர்வு என்பது எங்கள் ஆட்களைப் பிடித்து ஆட்டும் பேய். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ராக்கெட், தொடைப் பருமனில் எஞ்சின். மேலே போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தால் தேறினாய். அதற்குமேல் நிலை கிடையாது. தேறியவன் தொப்பியில் ஒரு சின்ன வெள்ளிப் பொட்டு குத்திக்கொண்டு சாகும்வரை மற்றவர்களுக்குப் புத்தி சொல்லலாம். விதி ஒன்றே ஒன்றுதான் கறார்: தேர்வுக்கு நிற்கிறவன் ராக்கெட்டைத் தன் கையாலேயே கட்டியிருக்க வேண்டும். கருவி அறையையோ, வேறு ஒரு விரல் தொட்டிருக்கக் கூடாது.

கருவி அறை என்பது ராக்கெட்டின் நடு வயிற்றில் இருக்கும் முழ நீளக் குழாய். அதற்குள் ஒரு பலகை. பலகையில் உயரம் பார்க்கும் மீட்டர்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி, தனி சுவிட்ச், தனி ஒயர். உச்சிக்குப் போனதும் சின்ன பாராசூட்டுக்கான வெடிமருந்தை வெடிக்கச் சொல்வதும், தரை நெருங்கும்போது பெரிய பாராசூட்டுக்கான மருந்தை வெடிக்கச் சொல்வதும் அந்த மீட்டர்தான். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றட்டும் என்றுதான் இரண்டு. ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், மேலே போனது தலைகீழாக வந்து ஏரி மண்ணில் பாதி உயரம் புதைந்து நிற்கும். தோண்டி எடுக்க மண்வெட்டி கொண்டுபோனால், கேலி செய்யப் பத்துப் பேர் கூடவே வருவார்கள்.

கார்வினின் கருவி அறையைக் கட்டியது கார்வின் இல்லை. அவன் மனைவி நெட்டா. அவன் தேர்வுக்கு நின்ற அன்று மத்தியானம் வரை இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வித்தையெல்லாம் எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். பிற்பாடு நெட்டா என்னிடம் சொன்னதை வைத்துத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

இரண்டு வருஷமாக அவனுக்கு வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பான். மற்ற நேரத்தில் கை கால்சட்டைப் பைக்குள் இருக்கும். நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்தோம். குழாய் ஒட்டவும் இறக்கை தேய்க்கவும் நடுக்கம் பெரிய தடையில்லை, பிடிசட்டம் பிடித்துக்கொள்ளும். ஒயர் வேலை அப்படியில்லை. அரிசி மணி நுழையாத ஓட்டைக்குள் ஒயர் முனையைச் செருகி, அதன் தலைமேல் உள்ள குட்டித் திருகை முறுக்க வேண்டும். அடுத்த வருஷம் சட்டைப் பொத்தான் போடுவதே சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இந்தத் தடவை மூன்றாம் நிலை தேறவில்லை என்றால் அவன் ஆயுசில் தேறப்போவதில்லை. அவனுக்கு வேறு ஆசையும் கிடையாது. பிள்ளை இல்லை, சாமி இல்லை, சீட்டாட்டம் இல்லை. அந்த வெள்ளிப் பொட்டு ஒன்றுதான்.

ஒருநாள் வண்டிக் கொட்டகையில் திருப்புளியைச் சுவரில் விட்டெறிந்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். நெட்டா அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "காட்டு, எங்க போகணும் இது?" என்று கேட்டிருக்கிறாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு நேரம் குறித்துத் தரும் ஆபீசில் வேலை பார்ப்பவள். பொறுமை உண்டு, பார்வை உண்டு. ஒவ்வொரு ஜோடி ஒயரையும் பின்னல்போல் முறுக்குவாள். முனையில் சின்ன உலோகக் குழல் மாட்டி அழுத்துவாள். திருகியபின் இழுத்துப் பார்ப்பாள். அவன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்படியில்லை இப்படி என்று குறை சொல்லிக்கொண்டிருப்பான். கொஞ்ச நாளில் அவன் சொல்வதைக் கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். ஒயர் போகும் வழியைத் தன் வசதிக்கு மாற்றினாள். அவனும் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

இதற்கெல்லாம் கூலியாக அவள் கேட்டது ஒன்றுதான். எங்களிடம் ஒரு வழக்கம்: ராக்கெட் யாருடையதோ, அவர் ஏவும் பட்டனைத் தனக்குப் பிரியமானவர் கையில் கொடுக்கலாம். மனைவிக்குக் கொடுப்பார்கள், மகளுக்குக் கொடுப்பார்கள், ஒருவன் தன் நாயின் பாதத்தைப் பிடித்து அழுத்த வைத்தான். நெட்டா அந்தப் பட்டனைக் கேட்டாள். சத்தியமாகத் தருகிறேன் என்றான் கார்வின்.

தேர்வன்று காலை ராய்ஸ் தேர்வாளர் மேசையில் உட்கார்ந்து கருவி அறையைத் திறந்தார். ராய்ஸ் எங்கள் சங்கத்தின் மூத்தவர், நல்ல மனுஷர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். பலகையை வெளியே இழுத்ததும் அவர் வாய் பிளந்தது.

"அடேயப்பா! மேவிஸ், இங்க வந்து பாரு. எத்தனை வருஷமா பாக்குறேன், இப்படி ஒரு வேலையப் பாத்ததில்ல. தலை பின்னி விட்ட மாதிரி இருக்கு."

"பொறுமை வேணும், ராய்ஸ்" என்றான் கார்வின், கையைப் பையிலிருந்து எடுக்காமல். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அது எங்க இருக்கு?"

ராய்ஸ் கேள்விகள் கேட்டார். கார்வின் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், அதில் குறை சொல்ல முடியாது. எந்தச் சுற்று எதற்கு, எந்த உயரத்தில் எது வெடிக்கும் என்று படிப்பில் அவன் கெட்டிக்காரன். பக்கத்துப் பந்தலில் நெட்டா எங்களுக்காக முட்டையும் பீன்சும் வைத்து ரொட்டி சுருட்டிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் விளையாட்டாக அவளைக் கேட்டார்.

"நெட்டா, இவன் ராப்பகலா இதக் கட்டுனப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கார்வின் முந்திக்கொண்டான். "டார்ச் பிடிச்சா. அதையும் ஒழுங்கா பிடிக்கத் தெரியல. பாதி நேரம் என் மூஞ்சிலதான் அடிச்சா."

எல்லோரும் சிரித்தோம். நெட்டாவும் சிரித்துவிட்டு, சுருட்டிய ரொட்டியைத் தட்டில் வைத்து அவனிடம் நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான்.

காற்று அடங்கியிருந்தபோதே ராக்கெட்டை ஏவுமேடைக்குத் தூக்கிப்போய் நிறுத்தினார்கள். ஏணிமேல் ஏறி, ஓட்டைக்குள் திருப்புளி விட்டு முறுக்கும் சுவிட்ச்தான் எல்லோரும் வைப்பது. நெட்டா வைத்திருந்தது ஊசி சுவிட்ச். நாடாவைப் பிடித்து இழுத்தால் ஊசி வெளியே வந்துவிடும், நடுங்கும் கையே போதும். அவனுக்காகவே தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாள். கார்வின் இழுத்தான். மீட்டர் மூன்று தடவை கூவியது. இரண்டாவது நாடாவை இழுத்தான், அதுவும் மூன்று. இரண்டு பாராசூட்டின் ஒயரும் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கூவலைக் கேட்கும்போது மட்டும் எங்கள் ஆட்கள் கோயிலில் நிற்பதுபோல் நிற்பார்கள்.

அவர்கள் என் மேசைக்குத் திரும்பி வந்தார்கள். நெட்டா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். தலையைக்கூட வாரி வந்திருந்தாள். நான் பட்டன் பெட்டியைக் கார்வினிடம் தந்தேன். அவன் அதைத் தூக்கி, பின்னால் நின்ற ஹோலிஸிடம் நீட்டினான்.

ஹோலிஸ் எஞ்சின் செய்து விற்கிறவன். அன்றைய பெரிய எஞ்சின் அவனுடையது. அவன் ஒருத்தர் தோளில் கை போட்டுவிட்டால் நாலு ஊர் சங்கத்தில் அவர் பேர் அடிபடும்.

"நீங்கதான் அழுத்தணும், ஹோலிஸ். உங்க எஞ்சின், உங்க விரல்."

"கார்வின்" என்றாள் நெட்டா மெதுவாக.

"அடுத்த தடவை, கண்ணு."

"அடுத்த தடவை எது?"

"எல்லார் முன்னாடியும் ஆரம்பிக்காதே. போய் ஐஸ் பெட்டிய மூடு, திறந்து கெடக்கு."

அவள் போனாள். பெட்டியை மூடினாள். அங்கேயே நின்று பார்த்தாள். அடுத்த தடவை என்ற ஒன்று கிடையாது என்பது அந்த ஏரியில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

ஏவியதைப் பற்றி என்ன சொல்ல? அப்படி ஒன்றை நான் அதற்குமுன் எண்ணி ஏவியதில்லை. ஒன்று என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தரை அதிர்ந்தது, மஞ்சள் நெருப்பு நின்றது, ராக்கெட் போயே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒரு வெள்ளைப் புகைப்பொட்டு, சின்ன பாராசூட். விழுந்துகொண்டே வந்தது, வந்தது, சரியான இடத்தில் இன்னொரு வெடி, ஆரஞ்சு நிறத்தில் பெரிய பாராசூட் விரிந்தது. நடந்தே போய் எடுத்து வரும் தூரத்தில் மெத்தையில் படுப்பதுபோல் படுத்தது. கார்வின் அழுதான். அழுததை மறைக்கவும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

தேர்வு முடிக்க ராய்ஸிடம் ஒரு சடங்கு உண்டு. திரும்பி வந்த ராக்கெட்டை மேசையில் படுக்க வைத்து, கட்டியவன் அதன்மேல் கை வைக்க வேண்டும். ராய்ஸ் என் மைக்கை வாங்கிக் கேட்பார்: "இது உன் கையால கட்டினதா?" அவன், "என் கையால" என்பான். பிறகு கல்யாணத்தில் பாதிரியார் கேட்பதுபோல் கூட்டத்தைப் பார்த்து, "மறுப்பு யாருக்காவது உண்டா?" என்பார். எவனாவது ஒருவன், "என் துளை மிஷினை வாங்கிட்டுப் போனவன் இன்னும் தரல!" என்று கத்துவான். சிரிப்பு அடங்கியதும் ராய்ஸ் கையெழுத்துப் போடுவார்.

கார்வின் இடது கையை வைத்தான். "என் கையால" என்றான். ஒலிபெருக்கியில் ஏரி முழுக்கக் கேட்டது.

"மறுப்பு யாருக்காவது உண்டா?"

"எனக்கு உண்டு" என்றாள் நெட்டா.

பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கூட்டம் சிரித்தது. "டார்ச் பிடிச்சதுக்குப் பங்கு கேக்குறா பாரு!" என்று ஒருவன் கத்தினான்.

"கருவி அறை நான் கட்டினது" என்றாள் அவள். "ரெண்டு மீட்டரும். ஒரு ஒயர் விடாம. அவன் தொடவே இல்ல."

சிரிப்பு ஒவ்வொரு இடமாக நின்றுபோனது. கார்வின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"பட்டனக் கொடுக்கலன்னு கோவம், வேற ஒண்ணுமில்ல" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். "வா நெட்டா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல நீ பேசுனது எதுவும் இங்க செல்லுபடியாகலையே, கார்வின்."

ராய்ஸ் நல்ல மனுஷர் என்று சொன்னேன் இல்லையா? அவர் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டார். "இங்க பாரு கார்வின், புருஷன் பொண்டாட்டி சண்டைக்குள்ள நான் வரல. நீ சொல்றது எனக்குப் போதும். ஒரே ஒரு தடவை சொல்லு, கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. பொய்தான், ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அன்றே வெள்ளிப் பொட்டு தொப்பியில் ஏறியிருக்கும். இந்த மனுஷனுக்கோ வாய் அடங்கினால்தானே.

"சொல்றது எதுக்கு? கருவி அறையத் திறங்க. எல்லார் முன்னாடியும் ஒயரக் கழட்டி மாட்டிக் காட்டுறேன். யார் கட்டுனதுன்னு அப்பத் தெரியும்."

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்த உச்சிக்கு ஒன்று போய் வந்தபின் தன்னால் எதுவும் முடியும் என்று நிஜமாகவே நம்பிவிட்டான்போல. நெட்டா ஒரு அடி முன்னால் வந்தாள், தடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பார்ப்பதற்கு வசதியான இடத்தில் நின்றுகொள்ளத்தான் வந்திருக்கிறாள்.

ராய்ஸ் பலகையை வெளியே எடுத்தார். மருந்தெல்லாம் வெடித்துத் தீர்ந்திருந்தது, ஆபத்து ஒன்றும் இல்லை. பேட்டரியைக் கழற்றி வைத்தார். ஒரே ஒரு மீட்டரின் திருகுகளைத் தளர்த்தி எட்டு ஒயரையும் வெளியே இழுத்துவிட்டார். "இத மட்டும் மாட்டு, போதும்" என்றார். நான் மைக்கை அணைத்தேன். நல்லதாகப் போகட்டும் என்றுதான் அணைத்தேன். சத்தம் நின்றதும் தூரத்துப் பந்தல்காரர்களும் என்னவோ ஏதோ என்று கிட்டே வந்துவிட்டார்கள்.

கார்வின் வலது கையைப் பையிலிருந்து எடுத்தான். அதுவரை அந்தக் கையை நாங்கள் முழுசாகப் பார்த்ததில்லை.

திருப்புளியின் நுனி பலகையில் பட்டுத் தடதடவென்று தட்டியது. அவன் அதை வைத்துவிட்டு ஒயரை எடுத்தான். ஓட்டைக்கு இடப்பக்கம் குத்தினான், வலப்பக்கம் குத்தினான், மேலே குத்தினான். முழங்கையை மேசையில் ஊன்றிப் பார்த்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செருகப் பார்த்தான். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. கழுத்திலிருந்து வியர்வை சட்டைக்குள் ஓடியது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், "அந்த மாமாவுக்குக் குளிருதாம்மா?" என்று கேட்டாள். அம்மா அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். ஹோலிஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. காப்பிக் கோப்பை, பைக்குள் கை, எல்லாமே. இவ்வளவு நாள் இந்த மனுஷன் பயந்து பயந்துதான் எங்கள் நடுவே நடந்திருக்கிறான்.

"போதும், கார்வின்" என்றார் ராய்ஸ். "விட்டுடுப்பா. போதும்."

"வேணாம், ராய்ஸ்" என்றாள் நெட்டா. "அவனே முடிக்கட்டும். காட்டுறேன்னு அவன்தானே சொன்னான்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவளை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. டார்ச் விஷயத்துக்குச் சிரித்த வாய்களை எல்லாம் அதற்குமுன் அறைய வேண்டியிருந்திருக்கும், அதுவும் தெரியும். ஆனாலும் அறைய வேண்டும் போலிருந்தது.

அவன் மறுபடி குனிந்தான். எவ்வளவு நேரம் போனது என்று நான் பார்க்கவில்லை. யாரும் நகரவில்லை, அடுத்த ராக்கெட்டை யாரும் கேட்கவில்லை. திடீரென்று ஒயர் உள்ளே போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை முறுக்கினான். இழுத்துப் பார்த்தான். வரவில்லை, பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள், உடனே எல்லோரும் தட்டினோம், பந்தல் கூரை பிய்ந்துபோகிற மாதிரி தட்டினோம். கார்வின் நிமிர்ந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு அவன் முதலில் பார்த்தது நெட்டாவைத்தான், அவளும் தட்டுகிறாளா என்று.

"எனக்கு இது போதும்" என்று ராய்ஸ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அது பேட்டரி ஒயர், பாத்தாலே தெரியும்" என்றாள் நெட்டா. "இன்னும் ஏழு இருக்கு. எது எங்க போகணும்னு கேளுங்க."

கைதட்டல் நின்றது. கார்வின் பலகையைப் பார்த்தான். ஏழு ஒயரும் வெள்ளை. ஏழும் ஒரே நீளம். காகிதத்தில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான். ஆனால் இது நெட்டா தன் வசதிக்குப் போட்ட வழி, இதை அவன் எட்டிப் பார்த்தே வெகுநாளாகிறது. ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்க விரலால் நூல் பிடித்துப் போனான், விரல் நடுங்கி வேறு ஒயருக்குத் தாவிவிட்டது. மறுபடி முதலிலிருந்து பிடித்தான். மறுபடியும் தாவியது.

பிறகு தலையை நிமிர்த்தாமலேயே, வீட்டில் கொட்டகைக்குள் கேட்பதுபோல் கேட்டான்.

"நெட்டா, அடுத்தது எது?"

சொன்னது அவ்வளவுதான். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. ராய்ஸ் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். கார்வின் ஒயரைக் கையில் பிடித்தபடி அவள் பதிலுக்காகக் காத்திருந்தான். நெட்டா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், சொல்லவில்லை.